ஆயிரத்தில் நிற்கும் முள்

எங்கள் ஊரே சேர்ந்து எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அதுவும் வாயெல்லாம் பல்லாக, என்மேல் உள்ள பிரியத்தில்.

ஊர் என்றால் தலைச்சோலை. ஏற்காட்டிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போனால் வரும். எங்கள் வீடு முகட்டின் மேலேயே இருக்கிறது. போன நவம்பரில் ஒரு சாயங்காலம் நான் தனியாக ஓட்டிவந்த பயிற்சி விமானம் அந்த முகட்டைக் கடந்தபோது என் மாமன் சின்னன் அதைச் செல்போனில் படம் பிடித்தார். சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னாலிருந்து விமானம் பெரிதாக வருகிறது. நாய் குரைக்கிறது. விமானத்தின் உடம்பில் எழுதியிருக்கும் எழுத்துகூடத் தெரிகிறது. பின்னணியில் என் அம்மா வெள்ளையம்மாளின் குரல்: "எம்மவதானுங்க. எங்கூட்டுக்கு மேலயே வாரா பாருங்க."

மாமன் அதை வாட்ஸாப்பில் போட்டார். ராத்திரி சோறு தின்பதற்குள் ஏற்காடு பஜார் முழுக்கப் பார்த்துவிட்டது. மறுநாள் காலை சேலத்தில் எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர் கேப்டன் அன்பழகன் கையிலும் அது இருந்தது.

பயிற்சி விமானம் மலையை அவ்வளவு தாழ்வாகக் கடக்கக் கூடாது. சொந்த ஊருக்குப் பவுசு காட்ட வேண்டுமென்றே இறங்கினால் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார்கள். நான் மலைவாசிப் பிள்ளைகளுக்கான அரசு உதவியில் படிக்கிறவள். ஒழுங்கீனம் என்று பெயருக்குப் பின்னால் எழுதிவிட்டால் உதவி நின்றுவிடும். உதவி நின்றால் நான் பறப்பதும் அத்தோடு சரி. அப்புறம் அம்மாவோடு காப்பிப் பழம் பறிக்கப் போக வேண்டியதுதான்.

நான் வேண்டுமென்று இறங்கவில்லை. ஏன் இறங்கினேன் என்று என்னைத் தவிர இன்னொருவனுக்கும் தெரியும். அவன் பெயர் பென்னி.

பென்னியின் அப்பா பாக்கியநாதன் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். பென்னியும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு வரிசை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் விமானப் பள்ளிக்கு விண்ணப்பம் போடலாம் என்று சொன்னதே அவன்தான். ஞாயிற்றுக்கிழமை மலையேறி வீட்டுக்கு வருவதும் திங்கட்கிழமை விடியலில் இறங்குவதும் அவனுடைய பைக்கில்தான். வளைவுக்கு வளைவு அவன் பாட்டுப் பாடுவான். நான் அவன் தலைக்கவசத்தில் தட்டுவேன். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது, அதனால் அந்த இடத்தில் அவனை வைத்திருந்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஆல்டிமீட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விமானத்தில் உயரம் காட்டும் கருவி அது. கடிகாரம் மாதிரி வட்டத் தட்டும் முள்ளும் இருக்கும்.

முதல் வகுப்பிலேயே கேப்டன் அன்பழகன் அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இதுக்கு உயரம்னா என்னன்னே தெரியாது கண்ணுங்களா. இதுக்குத் தெரிஞ்சதெல்லாம் காத்தோட கனம்தான்."

உள்ளே காற்று இல்லாத ஒரு சின்னத் தகர டப்பா இருக்கிறது. மேலே போகப் போக வெளிக் காற்றின் அழுத்தம் குறையும், டப்பா உப்பும், முள் ஏறும். மற்ற பிள்ளைகள் விழித்தார்கள். பென்னியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் பலூன் மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்குப் பாடம் எதற்கு?

சிக்கல் என்னவென்றால், நீங்கள் ஓரடிகூட ஏறாமலே காற்றின் அழுத்தம் குறையலாம். கடலில் புயல் சின்னம் வந்தால் குறையும். அப்போதும் டப்பா உப்பும், முள் ஏறும். அதனால் தரையில் ரேடியோ அறையில் இருப்பவர், சுவரில் மாட்டியிருக்கும் காற்றழுத்தமானியைப் பார்த்து அந்த நேரத்து எண்ணைச் சொல்ல வேண்டும். மேலே இருப்பவர் ஆல்டிமீட்டரின் குமிழைத் திருப்பி, அதன் சின்ன ஜன்னலில் அந்த எண்ணை வைக்க வேண்டும். எண்ணைக் கூட்டினால் முள்ளும் கூடும், குறைத்தால் குறையும். சொன்ன எண் தப்பாக இருந்தால் முள் கொஞ்சமும் நடுங்காமல் பொய் சொல்லும்.

இன்னொன்று வெயில். சூட்டில் காற்று விரிந்து நிற்கும். அப்போது முள் காட்டுவதைவிட நிஜத்தில் மேலே இருப்போம். குளிரில் காற்று சுருங்கிக்கொள்ளும், அப்போது நிலைமை தலைகீழ். சேலத்து வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்திரையில் முள் ஆறாயிரம் அடி காட்டினால் நிஜ உயரம் இன்னும் நானூறு ஐநூறு அடி கூடவே இருக்கும்.

கேப்டன் இதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார். "வெயில் குடுக்கற கொசுறு. காய்க்காரம்மா கடைசியில கொத்தமல்லி போடற மாதிரி." ஐயாயிரத்து முந்நூறு அடி வரை உயரும் எங்கள் சேர்வராயன் மலையைக் கடக்கும்போது முள் ஆறாயிரத்துக்குக் கீழே போகக் கூடாது என்று விதி போட்டவரும் அவர்தான். கொசுறையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டு போட்ட விதி. அதில் குளிர்நாளுக்கு என்று எதுவும் இல்லை. எங்கள் பள்ளியில் யாரும் அதைக் கேட்டதும் இல்லை. சேலத்துக்காரனுக்குக் குளிர்நாள் ஏது என்று இருந்துவிட்டார்கள்.

அந்த நவம்பர் நாளுக்கு வருகிறேன்.

வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகிக்கொண்டிருந்தது. காலையில் வானம் கழுவிவிட்டது போல இருந்தது. கிழக்கே கடலோரமாக உள்ள ஒரு ஓடுதளத்துக்குத் தனியாகப் போய்த் திரும்ப வேண்டும். கிளம்பும்போது எங்கள் ஓடுதளத்தில் அழுத்தம் ஆயிரத்துப் பதிமூன்று மில்லிபார். போய் இறங்கினேன், காப்பி குடித்தேன், மத்தியானத்துக்கு மேல் திரும்பக் கிளம்பினேன். அதற்குள் காற்று மாறிவிட்டது. கடலோரத்தில் ஆயிரத்து இரண்டு என்று சொன்னார்கள். அதை வைத்துக்கொண்டு பறந்தேன்.

அரூரைத் தாண்டும்போது மேகம் இறங்கத் தொடங்கியது. முன்னால் எங்கள் மலை நீலமாகத் தெரிந்தது. முள் ஆறாயிரத்து நூறில் இருந்தது. பள்ளி ரேடியோவைக் கூப்பிட்டேன். அன்று அறையில் டியூட்டி பென்னிக்கு.

"அழுத்தம் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"ஆயிரத்துப் பதிமூணு."

ரேடியோவில் இங்கிலீஷில்தான் பேச வேண்டும். ஆனால் எங்களுக்குள் யாரும் கேட்காத நேரத்தில் தமிழ்தான். "பென்னி, நெசமாவா? கடல் பக்கம் ரெண்டுன்னு சொன்னாங்க."

"அது கடலு, இது சேலம். மாறாதா பின்ன? கன்ஃபர்ம்."

"கன்ஃபர்மா?"

"அட, கன்ஃபர்ம்னு சொன்னேன்ல மேனகா."

அவன் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. தாழ்வு மண்டலம் கடலில்தானே இருக்கிறது, உள்நாட்டில் அழுத்தம் கூடத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதோடு சொன்னவன் பென்னி. குமிழைத் திருப்பிப் பதிமூன்றில் வைத்தேன். வைத்த மாத்திரத்தில் முள் மேலே போய் ஆறாயிரத்து நானூறில் நின்றது. தலைக்கு மேல் மேகம் தொட்டுவிடும்போல இருந்தது. முள் காட்டிய அந்த நானூறு அடி கையில் இருக்கிறதே என்று ஆறாயிரம் வரை இறங்கினேன். உண்மையில் அந்த நானூறில் பாதிக்கு மேல் இல்லவே இல்லை.

அன்று சேலத்தில் வெயிலும் இல்லை. காலையில் விழுந்த வெயில் பத்து மணிக்கே ஓடிப்போய்விட்டது. வாடைக்காற்றும் தூறலுமாகப் பகலெல்லாம் ஸ்வெட்டர் போடுகிற குளிர். எப்போதும் கிடைக்கும் கொசுறில் பாதிகூட இல்லை.

முகடு வந்தபோது மரங்கள் பெரிதாகத் தெரிந்தன. எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் புதிதாகப் போட்ட ஒரு தகடு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. களத்தில் ஆட்கள் கையை வீசிக்கொண்டிருந்தார்கள். அதில் என் அம்மா எது என்றுகூட என்னால் சொல்ல முடிந்தது. முள்ளைப் பார்த்தேன், ஆறாயிரம். கண்ணை நம்பாதே, கருவியை நம்பு என்று முதல் நாளிலிருந்து மந்திரம் மாதிரி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நம்பலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் முகடு பின்னால் போய்விட்டது.

இறங்கி, ஓட்டி, கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். எங்கள் ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. விமானம் தரையில் நின்றால் முள்ளும் ஆயிரத்தில் நிற்க வேண்டும். அது ஆயிரத்து இருநூற்றைம்பதைத் தாண்டி நின்றது.

சக்கரத்துக்குப் போடும் கட்டையை எடுத்துக்கொண்டு பென்னி ஓடிவந்தான். நான் கதவைத் திறந்தேன்.

"டேய், முள்ளப் பாரு."

எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. கட்டை கையிலேயே இருந்தது.

"மேனகா, மத்தியானம் டீக்கடைக்குப் போயிட்டேன். வந்து மீட்டரப் பாக்கவே இல்ல. காலைல போர்டுல எழுதுன நெம்பரையே உனக்குச் சொல்லிப்போட்டேன்."

"நான் ரெண்டு தடவ கேட்டனே."

"கேட்ட. எந்திரிச்சு நாலு அடி போய்ப் பாக்கோணும்னு தோணுல. இப்ப மீட்டருல நாலுதான் இருக்குது. ஆயிரத்து நாலு." கட்டையைக் கீழே போட்டான். "நீ ஒண்ணும் பேசாத. நானே கேப்டன் கிட்டச் சொல்றேன். எங்கம்மா மேல சத்தியமா சொல்றேன். நாஞ் சொன்னாத்தான் சரியா இருக்கும்."

சொல்லிக்கொண்டே கையை உள்ளே நீட்டிக் குமிழைத் திருப்பினான். ஜன்னலில் ஆயிரத்து நாலு வந்தது. முள் இறங்கி ஆயிரத்தில் நின்றது.

இது எங்கள் பள்ளியின் வழக்கம். விமானத்தை விட்டு இறங்கும்போது முள்ளை ஆயிரத்தில் வைத்துவிட்டு இறங்க வேண்டும். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பது மாதிரி, அடுத்து ஏறுகிறவருக்குச் செய்யும் மரியாதை. நான் இன்னும் இருக்கை வாரையே அவிழ்க்கவில்லை. அவன் என் வேலையைச் செய்கிறான் என்று நினைத்து, "தேங்க்ஸ்டா" என்றேன்.

என் பக்கம் இருந்த ஒரே சாட்சியை அவன் அழித்தான். நான் அதற்கு நன்றி சொன்னேன். அந்த நேரத்திலேயே நினைத்துத்தான் செய்தானா, பழக்கத்தில் கை போய்விட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ராத்திரி படுத்தால் அந்தக் கை மட்டும் கண்ணுக்குள் வந்து வந்து குமிழைத் திருப்புகிறது.

மறுநாள் காலை விசாரணை. கேப்டன் மேசைமேல் செல்போனை நிறுத்தி வைத்து மாமன் எடுத்த வீடியோவை ஓடவிட்டார். "எங்கூட்டுக்கு மேலயே வாரா" என்று அம்மா அந்த அறையிலும் ஒரு முறை பெருமைப்பட்டாள்.

"என்ன கண்ணு இது?"

நான் பென்னியைப் பார்த்தேன். நீ பேசாதே என்று சொல்லியிருந்தானே. அவன் பேசுவான் என்று காத்திருந்தேன். அவன் பேசவும் செய்தான்.

"நான் ஆயிரத்து நாலுன்னுதானுங்க சார் குடுத்தேன். அவளும் அதையேதான் திருப்பிச் சொன்னா."

கேப்டனின் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பிறகு நடந்ததை முழுக்கச் சொன்னேன். போர்டைத் தினமும் சாயங்காலம் அழித்துவிடுவார்கள். ரேடியோப் பேச்சைப் பதிவு செய்ய ஒரு பெட்டி உண்டு, வாங்கி வைத்ததோடு சரி. ஆக மிச்சம் இருந்தது விமானம்தான். கேப்டன் மெக்கானிக்கை அனுப்பினார். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஜன்னலில் ஆயிரத்து நாலு இருக்கிறது, ஆல்டிமீட்டரில் ஒரு குறையும் இல்லை என்றார்.

"அவந்தான் திருப்பி வெச்சானுங்க சார். எங்கண்ணு முன்னாடியே வெச்சான்."

"நீ எதுக்கு உட்ட?"

நம்பினேன் என்று சொன்னால் அந்த அறையில் யாருக்காவது புரிந்திருக்குமா?

கேப்டன் சாய்ந்து உட்கார்ந்தார். "நம்ம வெயிலுக்கு முள்ளு காட்டறதுக்கு மேலதான் இருக்கோணும், கீழ எப்பிடிப் போவும்? கொசுறு இருக்குதல்ல? ஆறாயிரத்துல வந்திருந்தா இந்த மாதிரி வீடியோ எடுக்கவே முடியாது. ஊட்டக் கண்டதும் எறங்கிட்ட. ஒத்துக்க."

"நேத்து வெயில் எங்கீங்க சார் இருந்துது? குளிருக்குக் கொசுறு இல்லீங்களே."

"சேலத்துல வெயிலுக்கு என்னம்மா பஞ்சம்?" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பென்னியும் சிரித்தான், உதட்டோரத்தில், கொஞ்சமாக.

மேல் கமிட்டிக்குக் கேப்டன் எழுதி அனுப்பினார். முடிவு வரும்வரை நான் பறக்கக் கூடாது. அதுவரை ரேடியோ அறை டியூட்டி பார்க்கச் சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மலையேறி நேராகப் பென்னியின் வீட்டுக்குப் போனேன். கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருந்தாலும் வாசலில் நட்சத்திரம் தொங்கியது. அவன் அம்மா சாந்தாமேரி என்னைக் கண்டதும், "வா சாமி, ஏன் இப்பிடி எளைச்சுட்ட?" என்று உட்காரவைத்துத் தட்டு நிறைய அச்சுமுறுக்கு வைத்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் முறுக்கோடு உட்காரவைத்திருப்பாரா, தெரியாது.

அவர் உள்ளே போனதும் பென்னியிடம் கேட்டேன். "உங்கம்மா மேல சத்தியம் பண்ணுனியே."

தரையைப் பார்த்தான். "எனக்கு முன்னாடியே ஒரு வார்னிங் இருக்குது மேனகா, டியூட்டி நேரத்துல வெளிய போனதுக்கு. இதுவும் சேந்தா என்னய அனுப்பிருவாங்க. எங்கப்பா தாங்க மாட்டாரு."

"எங்கம்மா தாங்குவாங்களா?"

"உனக்கு எப்படியும் ஒரு வழி பண்ணிக் குடுப்பாங்க. உங்க ஆளுங்களுக்குச் சலுகை இருக்குது. எனக்கு ஆரு இருக்கா?"

சத்தமில்லாமல், ஏதோ எனக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னான். பயத்தில் ஒரு பொய் சொல்லிவிட்டான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பயந்தவனைத் திட்டலாம், அடிக்கலாம், கடைசியில் போனால் போகிறது என்றுகூட விடலாம். ஆனால் இவன் இத்தனை வருஷமும், பைக்கில் பின்னால் உட்காரவைத்துப் பாட்டுப் பாடிய காலத்திலெல்லாம், என்னை இந்தக் கணக்கில்தான் வைத்திருந்திருக்கிறான். நான் என் மார்க்கில் வந்தவளில்லை, சலுகையில் வந்தவள். விழுந்தாலும் யாராவது தூக்கிவிடுவார்கள், அதனால் தள்ளிவிடலாம்.

எழுந்தேன். "முறுக்கு நல்லா இருந்துதுன்னு உங்கம்மா கிட்டச் சொல்லு" என்றேன். ஒன்றுகூடத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கதை. அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தட்டில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"எங்களப் பாக்கோணும்னுதான கண்ணு அம்புட்டுக் கீழ வந்த?"

"இல்லம்மா. நெம்பரு தப்பு. பென்னி தப்பாச் சொன்னான், அதனால எறங்கிட்டேன். இப்ப என்னய பள்ளிக்கூடத்துல இருந்தே நிறுத்தப் போறாங்க."

அழுத்தம், டப்பா, சிப்ஸ் பாக்கெட், முள் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு என் தலையைத் தடவினாள்.

"எங்கிட்ட எதுக்குச் சாமி மறைக்கற? நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியுமல்ல, நீ ஆரப் பாக்க வந்தேன்னு."

யாரிடமும் சொல்ல மாட்டாளாம். ரேஷன் கடை வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. மகள் வானத்தில் போகும்போதுகூடத் தன்னைத் தேடிக் கீழே வந்தாள் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். பென்னி சொன்ன பொய்யில் என் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்தது. அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை, தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட்டேன். பெற்ற தாயே அவன் பக்கம் நிற்கிறாள், அதுவும் என்னைக் கொஞ்சிக்கொண்டு. அன்றைக்கு அழுதது போல நான் விசாரணை அன்றுகூட அழவில்லை.

டிசம்பரில் பென்னியின் முறை வந்தது. அவனும் தனியாகக் கிழக்கே போய்த் திரும்ப வேண்டும். கடலில் மறுபடி ஒரு தாழ்வு மண்டலம், மறுபடி தூறல். ரேடியோ அறையில் நான். பின்னால் நாற்காலியில் கேப்டன் அன்பழகன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அரூர்ப் பக்கமிருந்து பென்னி கூப்பிட்டான். இங்கிலீஷில், சுத்தமாக, அழுத்தம் கேட்டான்.

எழுந்தேன். சுவருக்குப் போனேன். காற்றழுத்தமானியின் கண்ணாடியை நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, முள் அசைந்து நிற்கும்வரை பார்த்தேன். ஆயிரத்து ஏழு. வந்து உட்கார்ந்து சொன்னேன்.

இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "கன்ஃபர்ம்?" என்றான்.

"கன்ஃபர்ம். ஆயிரத்து ஏழு."

மறுபடி இரைச்சல். அப்புறம் தமிழ்.

"மேனகா, நெசமான நெம்பரச் சொல்லு."

"அதான் சொன்னேன். ஏழு."

"வெளையாடாத. மேகம் எறங்கிருச்சு, மலை வருது. நாஞ் செஞ்சதுக்கு இப்பிடிப் பழி வாங்காத மேனகா. தப்புத்தான், நாந்தான் அன்னிக்குத் தப்பாக் குடுத்தேன். இப்ப சரியாச் சொல்லு."

பின்னால் டீ டம்ளர் மேசைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"பென்னி, நாஞ் சொன்னது சரியான நெம்பரு. நம்பறதும் நம்பாததும் உன்னிஷ்டம்."

"சார் இருந்தா அவருகிட்டக் குடு. வேற ஆராச்சும் இருந்தாக் குடு."

கேப்டன் எழுந்தார். சுவருக்குப் போய்த் தானே பார்த்தார். என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "ஆயிரத்து ஏழு" என்றார்.

"தேங்க்யூ சார்," உடனே பதில் வந்தது. மூச்சு விட்டது இங்கே வரை கேட்டது. அதே எண்தான், என் வாயிலிருந்து வந்தபோது பழி, அவர் வாயிலிருந்து வந்தபோது உயிர்.

பென்னி மலையைக் கடந்துவிட்டேன் என்று சொன்னான். அப்புறம் நான் கேட்டேன்.

"கேட்டீங்களா சார்?"

"கேட்டேன் கண்ணு."

"அப்ப கமிட்டிக்குச் சொல்லுவீங்களா?"

டம்ளரை எடுத்தார், குடிக்கவில்லை, மறுபடி வைத்தார். "எழுதி அனுப்பியாச்சே. இப்ப மாத்தி எழுதுனா அத்தனையும் நோண்டுவாங்க. ஆறாயிரம்னு விதி போட்டது ஆரு, குளிருக்கு ஏன் சேக்கல, பதிவு பண்ற பொட்டி ஏன் ஓடல, எல்லாம் எம்மேல வரும். ரிட்டயர் ஆவப் போற நேரம்." என் தோளைத் தட்டினார். "நீ நொம்ப நல்ல புள்ள. கொஞ்சம் பொறுத்துக்க. அடுத்த வருசம் எப்படியாச்சும் பாக்கலாம்."

பென்னிக்குப் பயம். இவருக்குப் பென்ஷன். ஆளுக்கு ஒரு காரணம் கைவசம் இருந்தது. நான் தோளை விலக்கிக்கொண்டு, சக்கரக் கட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். டியூட்டி என்னுடையது, யாருக்காகவும் அதை விட முடியாது.

விமானம் வந்து நின்றது. இரண்டு சக்கரத்துக்கும் கட்டை போட்டேன். பென்னி கதவைத் திறந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல், பழக்கத்தில், கையைக் குமிழுக்குக் கொண்டுபோனான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"தொடாத. நாங் குடுத்த நெம்பரு எங்க நிக்குதுன்னு ஒரு தடவ பாரு."

முள் ஆயிரத்தில் நின்றது, மயிரிழைகூட விலகாமல். அவன் அதைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக ரேடியோ அறையின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே கேப்டன் நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.